இடது மூலையில் பேஸ் இல்லை

அவளுக்கு மிக்ஸியக்கா என்ற பெயர் வந்ததற்கு மாமியார்தான் காரணம். மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று மாடிப்படியில் யாரோ கேட்டதற்கு, "வீட்டுலயே உக்காந்து மிக்ஸிங் பண்றா" என்று அந்த அம்மாள் சொல்லிவைத்தார். மறுநாள் காலையில் கீழ்வீட்டுப் பெண் பிளேடு சுற்றாத மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அந்தக் கதையை இவளே பாட்டுக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கப்போக, இசையமைப்பாளர் முதல் டிரம்ஸ்காரர் வரை எல்லோருக்கும் அவள் மிக்ஸியக்கா ஆகிவிட்டாள்.

ஒரு பாட்டில் குரலும் வாத்தியங்களும் தனித்தனியாகப் பதிவாகி அவளிடம் வந்து சேரும். எது முன்னால் நிற்க வேண்டும், எது ஒதுங்க வேண்டும், எது எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து இழைத்து ஒரே பாட்டாக்கித் தருவது அவள் வேலை. படுக்கையறைதான் ஸ்டூடியோ. சுவரோரம் மேசை, கணினி, இரண்டு ஸ்பீக்கர், முதுகுக்குப் பின்னால் கட்டில். வருகிறவர்கள் கட்டிலில் உட்கார்ந்துதான் கேட்பார்கள்.

விளம்பரமும் குறும்படமுமாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில், முதன்முறையாக ஒரு முழுப் படத்தின் பாட்டுகள் அவள் கைக்கு வந்தன. முதல் பாட்டை முடித்து அனுப்பிய மறுநாளே இசையமைப்பாளர் போன் செய்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. கார்ல போட்டுக் கேட்டேன். பேஸ் வந்ததும் கதவெல்லாம் தடதடன்னு ஆடுது. பாடுற பொண்ணோட குரல் எங்கயோ கிணத்துக்குள்ள கிடக்கு."

"இங்க அளவாத்தானே இருந்துச்சு?"

"உங்க ரூம்ல அளவாத்தான் இருக்கும். ரூமை விட்டு வெளிய வந்தாதான் ஆடுது."

அது சுருக்கென்று தைத்தது. போனை வைத்துவிட்டு, ஒரே ஒரு கட்டை ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கவிட்டு அறைக்குள் நடந்து பார்த்தாள். கதவு மூலையில் நின்றால் அடிவயிறு அதிர்ந்தது. கட்டிலருகே சுமாராகக் கேட்டது. தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் அந்த ஸ்வரம் இருந்த இடம் தெரியாமல் போனது. பேஸ் என்கிற கட்டை ஒலியின் அலை நீளமானது. சின்ன அறையில் அது சுவரில் மோதித் திரும்பி வந்து தன்னோடு தானே மோதிக்கொள்ளும். சில இடத்தில் இரட்டிப்பாகும், சில இடத்தில் அழிந்துபோகும். அழிந்துபோகிற இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேஸ் போதவில்லை, போதவில்லை என்று இத்தனை நாளும் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கணவர் மரச்சாமான் பட்டறையில் அலமாரி செய்கிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போல ஒரு கட்டைக் குரல். சாப்பிட்டுக்கொண்டே அவள் புலம்பலை முழுக்கக் கேட்டார்.

"மூலைக்கு மூலை பெட்டி அடிச்சு, உள்ள எதையாவது அடைக்கணும். அவ்வளவுதானே?"

"எதையாவது இல்லைங்க, ராக்வுல். கல்லை உருக்கிப் பண்ற பஞ்சு. முட்டை அட்டை, ஸ்பாஞ்செல்லாம் ஒட்டினா எதிரொலி குறையும். பேஸ் அதையெல்லாம் சட்டை பண்ணாது. தடிமனா வேணும், தரையிலேர்ந்து கூரை வரைக்கும். அதுக்குப் பேரு பேஸ் ட்ராப்."

"எலிக்குப் பொறி வைக்கிற மாதிரி" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

விடுமுறை நாட்களெல்லாம் அதற்கே போயின. பட்டறையிலிருந்து சட்டங்களை அறுத்துக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துப் பெட்டியாகப் பூட்டினார். ராக்வுல் பலகைகளை அவள் கையுறை போட்டு அடுக்கினாள்; அப்படியும் முழங்கைவரை அரித்தது. மேலே துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடிக்கும்போது ஒரு சுருக்கம் விழுந்தால்கூட அவர் பிரித்துவிட்டு மறுபடி அடித்தார். பெட்டிகளுக்கு இடம் வேண்டுமே என்று கட்டில் கூடத்துக்குப் போனது.

"மனுஷங்க படுக்க இடமில்ல, சுவருக்கு மெத்தை தைக்கிறாங்க புருஷனும் பொண்டாட்டியும்" என்றார் மாமியார். ஆனாலும் துணி தைத்துக்கொடுத்தது அவர்தான்.

வேலை முடிந்ததும் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு மைக்கை நிறுத்தி, மிகக் கட்டையான ஒலியிலிருந்து மிகக் கீச்சான ஒலிவரை ஓடவிட்டாள். மைக் கேட்டதைக் கணினி கோடாக வரைந்து காட்டியது. முன்பு மலையும் பள்ளமுமாக இருந்த கோட்டில் பெரும்பாலான பள்ளம் தூர்ந்திருந்தது. அவள் கணவரின் கையைப் பிடித்து அறைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடி இழைத்து அனுப்பிய பாட்டுக்குக் காரிலிருந்தே பதில் வந்தது: "அக்கா, இப்பதான் இது பாட்டு!"

இரண்டாவது பாட்டும் நல்லபடியாகவே முடிந்தது. மூன்றாவதில்தான் இடது பக்கம் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது.

இடது ஸ்பீக்கரிலிருந்து பேஸ் வரவில்லை. வந்தாலும் சோகை பிடித்தது போல வந்தது. அந்தப் பக்கம்தான் ஜன்னல். கண்ணாடி வழியாகக் கட்டை ஒலி கசிந்து வெளியே போகிறது என்று முடிவுசெய்தாள். கணவர் ஜன்னலுக்குப் பொருத்தமாக ஒரு கனமான மரப்பலகை செய்து அடைத்தார். போதவில்லை. இடது சுவருக்கு இன்னொரு பெட்டி, அதற்கு மேல் இன்னொன்று. காற்றும் வெளிச்சமும் போய் அறை ஒரு குகையானது. இடது காதில் தண்ணீர் புகுந்தது போல ஓர் அடைப்பு. ராக்வுல் தூசு என்று நினைத்துக் காதைக் குடைந்துகொண்டாள்.

ஒருநாள் இடப்பக்கம் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்த கணவரிடம், "சளி பிடிச்சிருக்கா? குரல் மெலிஞ்சு கிடக்கே" என்றாள்.

"எனக்கா? இல்லையே."

அந்த வாரமே பேஸ் கிட்டார் வாசிப்பவரோடு தகராறு வந்தது. அவர் வாசித்து அனுப்பியதில் சுருதி விலகியிருக்கிறது என்று இவள் சொல்ல, தலை நரைத்த அந்த மனுஷர் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். அவள் முன்னால் ஒவ்வொரு தந்தியாக மீட்டினார். சுருதி காட்டும் கருவியில் முள் நட்டநடுவில் நின்றது.

"கண்ணால பாத்துக்கோங்க."

"முள்ளு என்னவோ காட்டட்டும் சார். எனக்கு ரெண்டு ஸ்வரமா கேக்குது."

"இத்தனை வருஷத்துல என் கையை யாரும் இப்படிச் சொன்னதில்லம்மா" என்று அவர் கிட்டாரை உறைக்குள் போட்டார். மாமியார் கொண்டுவந்த தேநீரைத் தொடாமலே படியிறங்கினார்.

அவர் போனதும் வீம்பு வந்தது. மைக்கை நிறுத்தி மறுபடி அளந்தாள். கோடு தார்ச்சாலை போலக் கிடந்தது. இடது பக்கம் தனியாக, வலது பக்கம் தனியாக அளந்தாள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. மைக் பழுதாகியிருக்கும் என்று நினைத்தாள். ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிப் போட்டாள். அப்போதும் இடது பக்கம்தான் பேஸ் இல்லை.

பிறகு, ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று அவளுக்கே தெரியாது, நாற்காலியை முழுவதுமாகத் திருப்பி, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். குற்றம் ஜன்னல் மூலையில் என்றால் அந்தக் குறை இப்போது அவள் வலக்கைப் பக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இடப்பக்கமே இருந்தது. பழையபடி திரும்பி உட்கார்ந்தாள். இன்னொரு தடவை திரும்பினாள். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் குறையும் கூடவே திரும்பியது. வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தாள். பாட்டு மொத்தமும் தகரத்தில் மணல் கொட்டுவது போலச் சுருங்கிவிட்டது.

சாயங்காலம் கணவர் பட்டறையிலிருந்து அளவு நாடாவோடு வந்தார். "இடது பக்கம் இன்னொரு பெட்டின்னு சொன்னியே, அளந்துடலாமா?"

"வேண்டாங்க. ரூம் சரியா இருக்கு."

"அப்பாடா!" என்று அவர் முகமெல்லாம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிறகொரு நாள் தலைசுற்றி அடுப்படியில் விழுந்து, அவர் தூக்கி உட்காரவைத்த பிறகுதான் சொன்னாள்.

காது டாக்டர் சுற்றி வளைக்காத பெண்மணி. சோதனை அறையில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "உள்காதுல ஒரு திரவம் இருக்கு. அது உங்களுக்கு அளவுக்கு மேல சேருது. அதனாலதான் தலைசுத்தல். இந்த வியாதி முதல்ல கட்டை ஒலியைத்தான் தின்னும்."

"திரும்ப வந்துடுமா டாக்டர்?"

"சில நாள் வந்த மாதிரி இருக்கும், மறுபடி போகும். தலைசுத்தலைக் கட்டுப்படுத்த மாத்திரை தர்றேன், சாப்பாட்டுல உப்பைக் குறைங்க. போன கேக்குற சக்தி முழுசா திரும்பும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

"வலது காது?"

"சிலருக்கு வரும். பலருக்கு வராது."

வெளியே வந்ததிலிருந்து கணவர் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "பலருக்கு வராதுன்னுதானே சொன்னாங்க" என்று பேருந்தில் சொன்னார், வீட்டில் தன் அம்மாவிடம் சொன்னார். மாமியார் அன்றிலிருந்து எல்லோருக்குமே உப்பில்லாமல் சமைத்தார்.

அவள் பேஸ் கிட்டார்க்காரருக்குப் போன் செய்து, "உங்க சுருதி சரியாத்தான் சார் இருந்துச்சு. கெட்டது என் காது" என்றாள்.

"அடப்பாவமே" என்றார் அவர். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. தெரிஞ்சா ஒருத்தனும் வேலை தரமாட்டான்."

சொல்லவில்லை. மூன்றாவது பாட்டை ஒற்றைக் காதாலும் திரையில் தெரியும் கோட்டாலும் இழைத்தாள். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அதிர்வு இருக்கிறது என்று கை சொன்னது. அது அழகாக இருக்கிறதா என்று கைக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் கணவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"பேஸ் எப்படி இருக்கு, சொல்லுங்க."

"நல்லா இருக்கு."

பேஸை இரட்டிப்பாக்கினாள். "இப்ப?"

"இதுவும் நல்லா இருக்கு."

அடியோடு எடுத்துவிட்டாள். "இப்ப?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு."

"உங்களுக்குக் காது நல்லா இருந்து என்ன பிரயோஜனம்!" என்று கத்திவிட்டாள்.

"எனக்கு என்னம்மா தெரியும்? நீ பண்ணினா நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர். எழுந்து போய், மூலைப் பெட்டியின் துணியில் இல்லாத சுருக்கத்தைத் தடவி நேராக்கிக்கொண்டு நின்றார்.

நான்காவது பாட்டின் நடுவில் வலது காதும் அடைத்தது. அதே தண்ணீர் புகுந்த கனம், அதே சுற்றல். மாத்திரையை மாற்றினார்கள், காதுக்குள் ஊசி போட்டார்கள். சில காலைகளில் எழுந்ததும் தெருவில் லாரி போவது முழுதாகக் கேட்கும். முகம்கூடக் கழுவாமல் ஓடிப்போய்ப் பாட்டைத் திறப்பாள். மதியத்துக்குள் அது வற்றிவிடும். அப்படிப்பட்ட ஒரு மதியத்தில் அவளே இசையமைப்பாளரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் நல்ல பையன். கண் கலங்கினார். ஆனால் படம் வெளியாகும் தேதி அவருக்காகக் காத்திருக்காது.

"அக்கா... மீதிப் பாட்டை என்ன பண்றது?"

"வேற ஆளைக் கூட்டிட்டு வா. ரூம் இருக்கு."

புது மிக்ஸிங்காரர் அவள் வயதுக்காரர். தன் வீட்டில் இதே பேஸ் தொல்லையோடு மல்லுக்கட்டுகிறவர். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டை ஓடவிட்டதும் எழுந்து மூலைகளைத் தொட்டுப் பார்த்தார். "யாருங்க இதைக் கட்டினது? இவ்வளவு சுத்தமா நான் எங்கயுமே கேட்டதில்ல." கதவருகே நின்ற கணவர், "நாங்கதான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, மனைவி பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

வேலை நடந்த நாட்களில் அவள் கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்த அன்று இசையமைப்பாளர் வெளியே வந்து, "அக்கா, நீங்க ஒரு தடவை கேக்காம அனுப்ப மாட்டேன்" என்று அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அவள் நாற்காலியிலேயே உட்காரவைத்தார். மரியாதைக்குத்தான், அது அவளுக்கும் தெரியும்.

பாட்டு ஓடியது. திரையில் பேஸின் அளவுக்கோடு குதித்தது. மேசையில் டம்ளரில் இருந்த தண்ணீர் லேசாக நடுங்கியது. கணவரோடு சேர்த்து ஆண்கள் மூன்று பேரும் தங்களை அறியாமல் தலையாட்டினார்கள். அவளுக்கு அந்தப் பாடகியின் ஸகரமும் சகரமும் மட்டும் காற்றில் உரசிக்கொண்டு போயின. வார்த்தைகளின் எலும்பு கேட்டது, சதை கேட்கவில்லை.

முடிந்ததும் மூவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும். கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதைச் சொன்னாள்.

"ரெண்டாவது சரணத்துல 'ஸ' கொஞ்சம் உரசுது. அதை மட்டும் மழுக்கிடுங்க."

மிக்ஸிங்காரர் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டார். இசையமைப்பாளரும் அவரும் ஒரு கணம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டார்கள். "ஆமாங்க, நீங்க சொன்னதுதான் சரி" என்று மிக்ஸிங்காரர் மவுஸைப் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்தினார். மறுபடி ஓடவிட்டார். "இப்ப எப்படி இருக்கு?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எந்த எண்ணும் மாறவில்லை.

"இப்ப சரி" என்றாள் மிக்ஸியக்கா. எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, கனத்த கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.