மாமியார் வாயை மூடிய வாரம்

தொழிற்சாலைக் கழிவுநீர் கால்வாய்க்குப் போகும் மடையில் பொருத்தியிருந்த புது சென்சருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் மாமியார். எதைச் செய்தாலும் குறை சொல்லும். கழுவின தண்ணீரில் அமிலம் கொஞ்சம் கூடினால் போதும். சங்கு ஊதி, மடைக் கதவைத் தானே மூடி, உள்ளே முலாம் பூசும் தொட்டிகளையும் நிறுத்திவிடும். நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது.

அந்த மாமியார் ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை.

"பார்த்தியாம்மா, டெக்னாலஜின்னா இதான்," என்றார் மேனேஜர். "மதியத்துலேருந்து இன்னும் ரெண்டு தொட்டி ஓட்டப் போறோம். நீ ஒரு தடவை பார்த்துட்டு சரின்னு சொல்லிடு."

ஆய்வகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான். சரி என்று வாயெடுத்தவள் திரையைப் பார்த்து நிறுத்தினாள். அமில அளவு பச்சையில் இருந்தது. அதற்குக் கீழே, யாரும் கவனிக்காத சின்ன எழுத்தில், வெப்பநிலை. தொட்டிகளிலிருந்து வரும் தண்ணீர் கை பொறுக்காத சூடு. திரையில் இருந்ததோ குடிதண்ணீரின் குளுமை.

மடையைப் பார்த்துக்கொள்வது அவளுடைய அக்கா வீட்டுக்காரர்.

தொழிற்சாலைக்குப் பின்னால் மாமா சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க விஞ்ஞானி! வழி தவறிட்டீங்களா?"

மடையோரம் ஒரு பிளாஸ்டிக் மக். அது நிறையக் குடிதண்ணீர். அதற்குள் சென்சர் தலையை விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே மடைத் தண்ணீர் பச்சையாக, ஆவி பறக்க ஓடியது.

"என்ன மாமா இது?"

"மாமியாருக்குக் காய்ச்சல். பத்தியத் தண்ணி குடுத்திருக்கு." சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "போன மாசம் பாதி நாள் வேலை நின்னுச்சு. எப்படி ஓட்டினோம்னு உங்கக்காவைக் கேளு. அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு போடுற மெஷின் சின்னது, தண்ணி வர்ற வேகத்துக்குத் தாங்கலன்னு நான் சொல்லாத ஆள் இல்ல. யார் காதுல விழுந்துச்சு?"

"இந்தத் தண்ணிதானே மாமா, கால்வாய் வழியா கீரைத் தோட்டத்துக்குப் பாயுது? அக்கா வாங்குற கீரை அங்கேருந்துதான் வருது."

அவர் மூட்டையின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"மதியத்துலேருந்து இன்னும் ரெண்டு தொட்டியாம்."

"ரெண்டா?" நூல் கையில் அப்படியே நின்றது. பிறகு கேட்டார்: "சொல்லிடுவியா?"

"தெரியல மாமா."

உண்மையிலேயே தெரியவில்லை. சொன்னால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லாவிட்டால் அந்தக் கீரையை எப்படி விழுங்குவது? அதற்குள் அவள் கை போய் சென்சரை மக்கிலிருந்து எடுத்து மடைக்குள் விட்டது.

சங்கு அலறியது. மடைக் கதவு இறங்கியது. உள்ளே தொட்டிகளின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்க, மேனேஜர் ஓடி வந்தார்.

"நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு! யார் கை வெச்சது?"

"நான்தான் சார். ஒரு வாரமா இது மக்குல இருந்திருக்கு."

"யார் வெச்சது?"

மாமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்ன நேரத்துக்குக் கூலி இல்லன்னா..." அவள் பார்வை சுண்ணாம்பு மூட்டைக்குப் போனது. "யாராவது வைக்கத்தான் செய்வாங்க சார். சுண்ணாம்பு மெஷினை மாத்தாம இதை மட்டும் கொண்டுவந்து வெச்சா..."

"நான் பேரைக் கேட்டேன்."

அவள் குனிந்து சென்சரின் வயரை மடைக் கம்பியில் சுற்றினாள்.

"ரெண்டு தொட்டியும் இப்போதைக்கு வேண்டாம். மதியம் ரூமுக்கு வா. பேரோட வா."

அவர் போன பிறகு மாமா மக்கைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"எடுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா கை வந்திருக்காது மாமா."

மூடிய கதவுக்குப் பின்னால் பச்சைத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"வேடிக்கை பார்த்தா ஆச்சா? மெஷினை நம்பினா விளிம்பு தாண்டிடும். மூட்டையோட அந்த முனையைப் பிடி."

பிடித்தாள். சுண்ணாம்பு மூக்கில் ஏறியது.

"மதியம் என்ன சொல்லப் போற?"

சங்கு இன்னும் நிற்கவில்லை. காதில் விழாதது போல, மூட்டையை அவள் மடைப்பக்கம் சாய்த்தாள்.