மேல்முறையீட்டுக் காலம்

அக்காவுக்கு வேலை போய் முப்பத்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. வீட்டில் அவளாகவே விட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடம் இருந்தவள். "நின்னு நின்னு காலே போச்சும்மா, போதும்" என்றாள். அம்மா நம்பினாள்.

எனக்கு மட்டும் உண்மை தெரியும். பன்னிரண்டாம் நாள், என் சான்றிதழைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது பணிநீக்கக் கடிதம் கையில் கிடைத்தது. இரண்டு நோயாளிகளின் ரத்த மாதிரிகளில் பெயர்ச்சீட்டு மாறிவிட்டதாம். அவளிடம் ஒரு வார்த்தை விளக்கம் கேட்டதாக அதில் இல்லை.

நான் அப்போது வேதியியல் மாணவி. எங்கள் கல்லூரியில் எந்தத் துறையில் படித்தாலும் வேறு துறைப் பாடம் ஒன்றும் எடுக்க வேண்டும். நாடகம் என்றால் மேடையேற வேண்டும். சட்டம் என்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்து தப்பித்துக்கொள்ளலாம். சட்டத்தை எடுத்தேன்.

"உங்கள வக்கீலாக்குறது என் வேலை இல்ல" என்று முதல் நாளே சொன்னார் ஆசிரியை. "ஒரு கடிதம் வந்தா கை நடுங்காம படிக்கத் தெரியணும். அது போதும்."

யாருக்காவது வந்த உத்தரவு ஒன்றை எடுத்து, அதை எதிர்க்க வழி உண்டா என்று கட்டுரை எழுதச் சொன்னார். அக்காவின் கடிதத்தைப் பெயர் மாற்றி எடுத்துக்கொண்டேன். நூலகத்தில் இரண்டு நாள் தேடியதில் கிடைத்தது: விளக்கம் கேட்காமல் நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம், கடிதம் வந்து முப்பது நாட்களுக்குள். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். ஓரத்தில், காலக்கெடுவைக் கவனித்ததற்கு ஒரு பாராட்டு.

அக்காவின் அறை வாசல் வரை மூன்று தடவை போனேன். சொன்னால், கடிதத்தைப் படித்தது தெரிந்துவிடும். அதை வைத்து நான் மதிப்பெண் வாங்கியதும்கூட.

"என்னடி, பூனை மாதிரி வந்து நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா."

முப்பதாம் நாள் எனக்கு ஆய்வக வகுப்பு இருந்தது. போய்விட்டேன்.

முப்பத்து நான்காம் நாள் மதியம் அக்கா வெளியே போய்விட்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா வீட்டில் இல்லை.

"நானா விடலடி. தூக்கிட்டாங்க. கூட வேலை பார்த்தவ சொன்னாளேன்னு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். மனுவையே வாங்கல. கெடு முடிஞ்சு நாலு நாளாச்சாம்."

தண்ணீர் கொடுத்தேன். வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"அந்த கிளார்க்கு வேற, 'முன்னாடியே வந்திருந்தா கண்டிப்பா ஜெயிச்சிருப்பீங்கம்மா'ங்கிறான். எரியிற தீயில எண்ணெய ஊத்துறான், மகராசன்."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"முப்பது நாள்னு ஒண்ணு இருக்குன்னு நான் என்ன கனவா கண்டேன்? நம்ம வீட்ல யாருக்குடி இதெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும்க்கா" என்றேன். "பதினாறாவது நாளே தெரியும்."