பலா மரத்தடி நைட் ஷிப்ட்

"மாமா, நீங்க பூமிக்குள்ளதானே வேலைக்குப் போறீங்க? அங்க சித்திரக்குள்ளருங்களப் பாத்திருக்கீங்களா?"

பக்கத்து குவார்ட்டர்ஸ் எழில்மதி ஒருமுறை இப்படிக் கேட்டபோது, சங்கரலிங்கம் மைன்ஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அங்க மண்ணும் கரியும்தான் இருக்கு" என்றார். குழந்தையின் முகம் வாடிவிட்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி சந்திராதான் காப்பாற்றினாள்.

"மாமா பகல் ஷிப்ட். குள்ளருக்கெல்லாம் நைட் ஷிப்ட். எப்படிப் பாப்பாரு?"

இன்று அந்தச் சந்திராவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, ஈர வேட்டியோடு வாசல் ஏறும்போது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. வீடு கழுவிய தண்ணீர் படியில் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. ஆட்கள் ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துப் பலா மரத்தடியில் எழில்மதி தனியாகக் குந்தியிருந்தாள்.

அந்த மரத்தின் வேரிடுக்கில் ஒரு பொந்து. அதற்குக் கொட்டாங்கச்சியில் கதவு வைத்தவள் சந்திரா. பிளாக்கிலுள்ள பிள்ளைகள் அங்கே பூவோ நத்தை ஓடோ வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் அது போய், வேறொன்று இருக்கும்: மஞ்சாடி விதை, மைனா இறகு. பக்கத்திலேயே அரிசி மாவில் இரண்டு குட்டிக் கால் தடம். கோகுலாஷ்டமிக்குக் கண்ணன் கால் போடுவதுபோலத்தான். முஷ்டிக்குப் பதில் சுண்டுவிரலை மடக்கி, யாரும் பார்க்காதபோது சந்திரா பதித்தது.

அவருக்கும் சந்திராவுக்கும் பிள்ளை இல்லை. "ஏன் இதுங்கள ஏமாத்துற?" என்று அவர் கேட்டதுண்டு.

"நீங்க முருகனுக்குப் பூ வைக்கிறீங்க, அதுங்க குள்ளனுக்கு வைக்குதுங்க. இருந்துட்டுப் போகட்டுமே" என்பாள்.

எழில்மதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பொந்தின் முன்னால் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி கிளிப் ஒன்று கிடந்தது. பொங்கலுக்கு வாங்கியது, யாருக்கும் தொடக்கூடத் தரமாட்டாள்.

"அத்தை ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு வச்சேன் மாமா. இன்னும் இங்கியே கெடக்குது."

அவர் ஈர வேட்டியின் முனையைப் பிழிந்தார்.

"குள்ளருங்க நெசமாவே இல்லதானே?"

"ஏய் எழிலு! சாவு வூட்டுல பேசுற பேச்சாடி இது?" வேலியோரம் தூக்குச்சட்டியோடு வந்த அவள் அம்மா பொற்கொடி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, ரசஞ்சோறு வச்சிருக்கேன். காலையிலேருந்து இப்படியே நின்னுகினு இருக்கீங்க. ரெண்டு வாய் சாப்புடுங்கண்ணே."

எழில்மதி கிளிப்பை எடுக்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு வேறு பிளாக்கில் தங்க இடம் சொல்லியிருந்தது. பால் தெளிக்கக் காலையில் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். அவர் ரசஞ்சோற்றைப் பாதி தின்று, தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார். கொடியில் அவளுடைய துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

விடியும் முன்பே அடுக்களைக்குப் போனார். எந்த டப்பாவில் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து மாவைக் கண்டுபிடித்தார். சாவு வீட்டில் மாவெடுத்துக் கோலம் போடக் கூடாது. துணி போட்டு மூடிய சாமி அலமாரியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"இது கோலம் இல்ல முருகா" என்றார் மெல்ல.

பதிலுக்கு என்ன வைப்பது? மஞ்சாடி விதையை அவள் எங்கே வைத்திருந்தாளோ. ஷோகேஸில் அந்தக் கரித்துண்டு இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் அவர் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்தது. எந்தக் காலத்திலோ மண்ணுக்குள் போன மரம்; கரியான பிறகும் மரத்தின் வரிகள் தெரிந்தன. சந்திரா வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்து வைப்பாள்.

பலா மரத்தடியில் மண் குளிர்ந்திருந்தது. கிளிப்பை எடுத்துக்கொண்டு கரித்துண்டை வைத்தார். சுண்டுவிரலை மடக்கி மாவில் தொட்டு ஒரு கால், பக்கத்தில் இன்னொரு கால். குச்சியால் விரல்களைப் புள்ளி வைத்தார். எழுந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டும் ஒரே பக்கத்துக் கால். அவள் இரண்டு கையாலும் போட்டிருக்க வேண்டும்.

அழிக்க மனம் வரவில்லை. உள்ளே போய், கரித்துண்டு இருந்த இடத்தில் கிளிப்பை வைத்தார். முதல் ஷிப்ட் பஸ் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது.

காலையில் சுடுகாட்டில், ஊரிலிருந்து வந்த அவர் தம்பி பால் செம்பை நீட்டினான். வாங்கும்போது, சுண்டுவிரல் மடிப்பில் கொஞ்சம் மாவு ஒட்டியிருப்பதைச் சங்கரலிங்கம் பார்த்தார். விரலை மடக்கிக்கொண்டார்.