அண்ணன் பெயரைச் சொன்னேன்

சாராயக்கடைகளைத் திறந்துவிட்ட மறு வருஷம், நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்து கிடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு வெட்கம் வரவில்லை. குடியை விடலாம் என்று ஒரு படி ஏறினேன் பாருங்கள், அன்றைக்குத்தான் மானம் பிடுங்கித் தின்றது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் எனக்கு வேலை. சாயம் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு நூலைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்துப் பசை எடுக்க வேண்டும். நேரம் தப்பினால் நூல் நைந்துபோகும். ஒருநாள் குடித்துவிட்டு அடுப்படியிலேயே தூங்கிப்போனேன். ஒரு கல்யாணப் புடவைக்கான நூல் மொத்தமும் வீணாகிவிட்டது. முதலாளி அடிக்கவில்லை. "கலியா, நீ இனிமே அடுப்புப் பக்கம் வராதே" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் தேவலை.

கையில் சோடா பட்ட புண்ணுக்கு மருந்து போட ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பவுண்டர் முனிசாமி என் வாய் நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வியாழக்கிழமை சாயங்காலம் சர்ச்சுக்குப் பின்னால இருக்குற பள்ளிக்கூடத்துக்குப் போபா. குடிச்சிக்கினு இருந்தவங்க கூடிப் பேசுறாங்க. கேட்டுப் பாரு" என்றார்.

மூன்று வாரம் அந்தத் தெருவை சைக்கிளில் சுற்றிவிட்டுத் திரும்பினேன். நான்காவது வாரம் உள்ளே போனேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் ஏழு பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடத்துபவர் தேவசகாயம் வாத்தியார். "நான் தேவசகாயம். நான் ஒரு குடிகாரன். விட்டு நாலு வருஷம் ஆவுது" என்று ஊர்ப் பெயர் சொல்வதுபோலச் சொன்னார். என் முறை வந்தது.

"துரைக்கண்ணு. ஓரிக்கை" என்று பெயரும் ஊரும் சொன்னேன்.

துரைக்கண்ணு என் அண்ணன். வெற்றிலைகூடப் போடாத மனிதர். எங்கள் வீட்டில் மூத்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை. நானும் அதுவரை சொன்னதில்லை. சொன்ன முதல் தடவையே அவரைக் குடிகாரனாக்கிவிட்டேன். ஏன் அந்தப் பெயர் வந்தது என்றால், எனக்குத் தெரிந்த கௌரவமான பெயர் அது ஒன்றுதான்.

ஐந்து வாரம் போனேன். ஒரு சொட்டு குடிக்கவில்லை. ஆனால் "வாங்க துரைக்கண்ணு" என்று அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் கூனிக் குறுகினேன். உண்மையைச் சொன்னால் குடிகாரன் என்பதோடு பொய்யன் என்றும் ஆகிவிடும். அந்தப் பயத்தில் போவதையே நிறுத்திவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் மகள் அலமுவைப் பெண் பார்க்கக் கூரத்திலிருந்து வந்திருந்தார்கள். சம்மதம் இருந்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா கலியாணசுந்தரம், "இலையைப் போடுங்க" என்றே சொல்லிவிட்டார். அண்ணி சந்தோஷத்தில் ஓடிக்கொண்டிருந்தார். நான் வாசலை ஒட்டிய கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தேவசகாயம் வாத்தியார் சைக்கிளில் வந்து இறங்கினார். வாசலில் நின்ற கலியாணசுந்தரத்தை வீட்டுப் பெரியவர் என்று நினைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"துரைக்கண்ணு இருக்காருங்களா? ரெண்டு வாரமா கூட்டத்துக்கு வரலை. ஒடம்புக்கு என்னவோன்னு பார்க்க வந்தேன்."

"வாத்தியாரே, நீங்க நடத்துற அந்தக் குடிகாரங்க கூட்டத்துக்கா?" என்றார் கலியாணசுந்தரம். வாத்தியாரையும் அவர் கூட்டத்தையும் கூரம் வரைக்கும் தெரியாதவர்கள் இல்லை.

வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். அங்கே வருபவர்களைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. அவர் பேசாமல் நின்றதே பதிலாகிவிட்டது. கலியாணசுந்தரம் திரும்பிப் பின்னால் நின்ற அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"நானா? எந்தக் கூட்டம்?" என்று அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம்தான் வரும்.

கொல்லைப்புறமாகப் போய்விடலாம் என்றிருந்தது. கால் அந்தப் பக்கம்தான் திரும்பியது. அப்போது சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலமு தன் அப்பாவைப் பார்ப்பதைக் கவனித்தேன். அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள்.

வாளியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"அவரில்லீங்க. நான் கலியன், அவரு தம்பி. குடிகாரன் நான்தான். அண்ணன் பேரைச் சொல்லிட்டேன்."

வாத்தியார் என் தோளைத் தொட்டார். உதறிவிட்டேன். அன்றைக்கு யாருடைய அன்பையும் வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை.

கலியாணசுந்தரம் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "குடி இருக்கட்டும்பா. கூடப்பொறந்தவன் பேருக்கே இந்தக் கதின்னா, நாளைக்கு எங்க பேரு என்னா ஆவும்? அப்புறமா சொல்லியனுப்புறோம்."

கை நனைக்காமல் கிளம்பினார்கள். வாத்தியாரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

கூடத்தில் பதினோரு இலைகள். அண்ணன் முதல் இலையில் போய் உட்கார்ந்தார்.

"வாடா. சோறு ஆறுது."

"வேணாம்ணா."

"உக்காருன்னேன்."

மாப்பிள்ளைக்குப் போட்ட இலையில் நான் உட்கார்ந்தேன். அலமு பாயசத் தூக்கோடு வந்தாள். ஒரு கரண்டி ஊற்றினாள், இன்னொரு கரண்டியும் ஊற்றினாள். நான் தலையைத் தூக்கவில்லை.

"சித்தப்பா, அந்தக் கூட்டம் இனிமே எப்ப?"

"வியாழக்கிழமை."

"போ. இந்த வாட்டி உன் பேரைச் சொல்லு. எங்கப்பா பேரு எங்களுக்கு வேணும்."