உடையுமுன் எடுத்த படி

ஜேர்மனியில், டோர்ட்மண்டில் மன்னார்ச் சனம் வீடு வாங்கியது, கார் வாங்கியது, மண்டபம் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்தது. சில்வெஸ்டர் கறுப்புக் கடதாசி வாங்கினார். கேட்டால் சீனத்துக் கல்வெட்டு என்பார். கல்லை வாங்கியிருந்தாலும் ஒரு கதை. மனிதர் வாங்கியது கல்லின் மைப்படியை. ஈரக் கடதாசியைக் கல்லில் ஒற்றி, மேலே மை தட்டி எடுப்பார்களாம். வெட்டிய எழுத்து வெள்ளையாக நிற்கும், மற்றதெல்லாம் கறுப்பு. பகலெல்லாம் அச்சகத்தில் மையோடு மாரடித்தவருக்கு வீட்டுக்கு வந்தாலும் மைதான் தேவைப்பட்டது. குடிக்கவில்லை, சீட்டாடவில்லை, இதாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனைவி மரியமலர் விட்டுவிட்டாள்.

அலுமாரி நிறையப் படிகள் இருந்தாலும் ஒன்றில்தான் அவருக்கு உயிர். அதன் மூலக்கல் எந்தக் காலத்திலோ கீழ்மூலையில் வெடித்துவிட்டது. வெடித்த பிறகு எடுத்த படிகளில் இரண்டு எழுத்துகளை அறுத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு ஓடும். சில்வெஸ்டரின் படியில் அந்தக் கோடு இல்லை. கல் உடையுமுன் எடுத்த படி! உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் இருக்கின்றன என்று வீட்டுக்கு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்வார். கொலோனில் ஒரு வியாபாரி பிந்திய படி என்று நினைத்து மலிவாகக் கொடுத்தது.

"கிழவனுக்குக் கண்ணிலை பூ விழுந்திட்டுது போலை" என்று சிரிப்பார்.

கிழவனின் கண்ணில் ஒரு பூவும் விழவில்லை. படி வரும்போது கோடு இருந்தது.

பித்தப்பை ஒப்பரேஷனுக்காகச் சில்வெஸ்டர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்த பொதி அது. மரியமலர் மீன் வெட்டும் கத்தியால் கீறித் திறந்தாள். விரித்துப் பார்த்தால் மூலையில் சரிவாக ஒரு வெள்ளைக் கீறல். கத்தி பட்டுவிட்டது என்றே அவள் நினைத்தாள். அவள் தகப்பன் மன்னாரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். குமராக இருந்த காலத்தில் அங்கே படங்களுக்கு டச்சிங் செய்தவள் அவள்தான். எத்தனை பேருடைய அம்மைத் தழும்பை மறைத்த கை! மகனுடைய பள்ளிக்கூடப் பையில் கறுப்பு மை இருந்தது. ஊசிபோன்ற தூரிகையால், எழுத்துக்குப் படாமல், கறுப்புக்குள் கறுப்பாகக் கோட்டை மூடிவிட்டாள்.

வீடு வந்த சில்வெஸ்டர் படியை விரித்தார். வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து அவள் கண்டதில்லை. ஏன் சிரிக்கிறார் என்று விளங்கியபோது வாய் திறக்கிற நேரம் கடந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு வருசமும் அந்தப் பொய் கொஞ்சம் கொழுத்தது.

அந்தப் படியின் ஓரத்தில் வெறுமையாக ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது. சீனத்தில் வைத்திருந்தவர்கள் அந்த இடத்தில் தங்கள் மனதில் பட்டதை எழுதி முத்திரை குத்துவார்களாம்.

"இதிலை எழுதுறதெண்டால் வலு பெரிய வசனமாய் இருக்கோணும்" என்று, தன் பெயருக்கு ஒரு முத்திரை செய்து வைத்தும், சில்வெஸ்டர் அதைத் தொடாமலே விட்டிருந்தார்.

இந்த வருசம் பான் நகரில் ஒரு கண்காட்சி. படிகளைத் தெரிவு செய்ய ஆதிரை வந்தாள். சென்னைப் பிள்ளை, சீனம் படித்தவள், பான் அருங்காட்சியகத்தில் வேலை. சுவரில் 'சில்வெஸ்டர் சேகரிப்பு' என்று போடுவார்களாம். மனிதர் காலையிலேயே கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். மரியமலருக்கு அடுப்படியில் எண்ணெய் கொதித்ததும் தெரியவில்லை. இன்றைக்குப் பிடிபட்டால் அவருடைய சிரிப்பு முடிந்தது, அவ்வளவுதான்.

ரோல்சும் தேத்தண்ணியும் கொண்டு அவள் வந்தபோது, ஆதிரை சின்ன டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலைக்கு வந்ததும் டோர்ச் அங்கேயே நின்றது.

"அங்கிள், தப்பா நினைச்சுக்காதீங்க. இங்க கிராக் இருக்கு. பேப்பர் உள்ள இறங்கியிருக்கு பாருங்க. மேல இங்க் வெச்சு ஃபில் பண்ணிருக்காங்க."

"இருக்காது, பிள்ளை."

"ரொம்ப நல்லா பண்ணிருக்காங்க. லைட் இல்லேன்னா நானே ஏமாந்திருப்பேன். பழைய டீலர்ஸ் இப்படித்தான் செய்வாங்க."

சில்வெஸ்டரின் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு கோபம் வந்தது. "கள்ளன்! கொலோன்காரக் கள்ளன்! இண்டைக்கே போன் பண்ணிக் கேக்கிறன். எல்லாருக்கும் சொல்லி அவன்ரை கடையை மூடப் பண்ணுறன்."

ரிசீவர் கைக்குப் போய்விட்டது. மரியமலர் தட்டத்தை மேசையில் வைத்தாள்.

"அந்த மனுசனைப் பேசாதேங்கோ. பூசினது நான்."

ஆதிரை டோர்ச்சை அணைத்தாள். மரியமலர் பொதி, கத்தி, மகனின் மை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்ல வெட்கமாகவும் இருந்தது, ஒரு பாரம் இறங்கினது போலவும் இருந்தது.

"இத்தினை வருசமாய் ஏன் சொல்லேல்லை?" என்றார் சில்வெஸ்டர்.

"ஆஸ்பத்திரியாலை எழும்பி வந்து சிரிச்சுக்கொண்டு நிண்டீங்கள். எப்பிடி அப்பா சொல்லுறது?"

அவர் பல்கணிக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

ஆதிரை வேறு இரண்டு படிகளைத் தெரிவு செய்துகொண்டு போனாள். நல்ல படிகள்தான், சில்வெஸ்டருக்கு அவற்றில் ஆசையில்லை. போட்டிருந்த கோட்டைக் கழற்றிக் கொழுவினார். அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். "ஓம்", "வேண்டாம்" தவிர ஒரு சொல் இல்லை. ஏசினாலாவது திருப்பி ஏசலாம். ஊமைக் கோபத்தோடு என்ன செய்கிறது? மரியமலர் கறியில் உப்பைக் கூட்டியும் பார்த்தாள். அதற்கும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மரியமலர் பூசை முடிந்து வந்தபோது மேசையில் அந்தப் படி விரித்துக் கிடந்தது. சில்வெஸ்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மூலையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இதிலையோ?"

"இல்லை. கொஞ்சம் மேலை."

"இதிலை?"

"ஓம்."

"எனக்குத் தெரியேல்லை" என்றார். "இத்தினை நாள் பாத்தும் தெரியேல்லை." அந்தக் குரலில் தன்னை நொந்துகொண்டது பாதி. மீதி என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் உடுப்பு மாற்றிக்கொண்டு வரும்போது ஓரத்து வெள்ளைப் பட்டை வெறுமையாக இல்லை. சில்வெஸ்டரின் உருண்டைத் தமிழ் எழுத்து, மை இன்னும் பளபளத்தது. அவள் குனிந்து வாசித்தாள்.

'கல் உடைந்தது. மரியமலர் ஒட்டினாள்.'

கீழே சிவப்பில் அவருடைய முத்திரை.

அழுதால் மனிதர் எழும்பிப் போய்விடுவார் என்று தெரியும். அதனால் பிழை பிடித்தாள்.

"நான் ஒட்டேல்லை. பூசினனான்."

"பிழையெண்டால் நீயே பூசி மறையன்" என்றார் சில்வெஸ்டர். "உனக்குத் தெரியாத வேலையே?"

"வெள்ளையிலை எழுதின கறுப்பை மறைக்க ஏலாது அப்பா."

"ஓம். அதுதான் அதிலை எழுதினனான்" என்று சொல்லிவிட்டு, அவர் மை காயும்வரை கடதாசியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.