மோஹா கண்ட பிறை

மொரோக்கோவின் திரா ஆற்றங்கரையில் மோஹாவின் கண்ணைப் போல இன்னொரு கண் கிடையாது. எதிர்மலையில் மேயும் ஆட்டின் முதுகில் உண்ணி கொட்டாவி விட்டாலும் அவருக்குத் தெரியும். ஊரில் ஒருவரும் மறுத்ததில்லை. மலையேறி யார் சரிபார்ப்பது? அதனால் நோன்புப் பிறையைப் பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. அதில் ஒருமுறை பொய் சொன்னவரின் சாட்சி பிறகு எதற்கும் செல்லாது.

அன்று பிறை பார்க்கிற மாலை. வானத்தில் வெறும் புழுதி. மோஹா தோப்புக்காரர் சங்க அறையில், நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய பேரீச்சையில் ஒரு மட்டை, ஒரு பக்கம் மட்டும், அடியிலிருந்து நுனிவரை வெளுத்திருந்தது. அந்த நோயின் பெயரைத் தோப்பில் யாரும் சொல்வதில்லை, மரத்துக்குக் கேட்டுவிடும். 'விருந்தாளி' என்பார்கள். விருந்தாளி வந்துவிட்டால் மரத்தை வேரோடு பெயர்த்து எரிக்க வேண்டும்; இல்லையென்றால் வாய்க்கால் தண்ணீரோடு அடுத்த தோப்புக்கும் போய்விடும். மோஹா வீட்டில் அடுப்பெரிவதே அந்த ஒரு மரத்தால்தான்.

"வெயில்ல வெளுத்திருக்கும், லல்லா," என்றார். அங்கே பெண்களை மரியாதையாக அழைப்பது அப்படித்தான்.

மரநோய் பார்க்க வந்திருந்த இத்தோ, மட்டையிலிருந்து வளர்த்தெடுத்த பூஞ்சையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டுக் குனிந்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்களே பாருங்க, சித்தப்பா. வளைஞ்சு கூரா இருந்தா விருந்தாளிதான். நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

மோஹா குழலில் கண்ணை வைத்தார். நீலத்துக்குள் மெலிதாக, வளைந்து, இரு முனையும் கூராக ஒன்று. அதற்கப்பால் இன்னொன்று.

"பிறை," என்றார். "பிறை தெரியுது."

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த பக்கத்துத் தோப்பு ஹம்முவின் காதில் அது விழுந்தது. ஒற்றைச் செருப்போடு ஓடினான். கொம்பு ஊதினார்கள். சூப்புச் சட்டிகள் அடுப்பேறின. ஊரே அறைவாசலில் கூடிவிட்டது.

"கூரைக்கடியில உக்காந்தே பிறையப் பிடிச்சிட்டியேப்பா," என்றான் ஹம்மு. "இனிமே உனக்கு மாடிப்படியே வேண்டாம்."

மோஹா தலையாட்டினால் போதும். நோன்பு மாதத்தில் இங்கே யாரும் மரத்தில் கோடரி வைப்பதில்லை. பிறை இன்று என்றால் மரம் ஒரு மாதம் தப்பும். நாளை என்றால் மரத்தை வெட்ட நடுவில் ஒரு பகல் இருக்கிறது. இத்தோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோஹா எழுந்தார்.

"அது வானத்துல இல்ல. என் மரத்துல."

கொம்பு பாதியில் நின்றது. ஹம்முவின் முகம் வெளுத்தது. ஒரு பக்கம் மட்டும்தான் வெளுத்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

"மோஹா," என்றான் மெதுவாக. "உன் வாய்க்கால் தண்ணி என் பக்கந்தானே வருது?"