மதூம் கரையின் ஒரே திருடன்

தாய்லாந்தின் மதூம் கரையில் நடந்தது ஒரே ஒரு திருட்டுதான். வெளிநாடுகளுக்குப் போய் அது நன்றாகச் சதை போட்டது.

பிரநோமின் குடிலில் தங்கியிருந்த ஸ்வீடன்காரப் பெண் ஒருத்தி, கடற்கரையில் பாயை விரித்துப் பையை அதன் மேல் வைத்துவிட்டுக் குளிக்க இறங்கினாள். தென்னை ஏறும் ஜுக், அன்று வெயிலுக்கு முன்பே கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருந்தவன், அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். போகிற வழியில் பைக்குள் போன் அடித்தது. எடுத்து, “ஆமா, யாரு?” என்றான். மறுமுனையில் பிரநோம். “எங்கடா இருக்க?” என்று கேட்டாள். அக்கா கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னான். சார்ஜெண்ட் விச்சா ஸ்கூட்டரில் போய் அவனையும் பையையும் சேர்த்து அழைத்து வந்தார். ஸ்வீடன்காரி சிரித்தாள், ஓர் இளநீர் குடித்தாள், ஊருக்குப் போனதும் பயணிகள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினாள்.

அந்த இரண்டு வரிக்குக் கீழே, மதூம் கரையைக் கண்ணால் பார்க்காதவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நார்வேக்காரர் ஒருவர் ஜுக்கின் கையில் கத்தியைக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் துணைக்கு மூன்று பேரைச் சேர்த்துவிட்டார். போலீசும் கூட்டு என்று இங்கிலாந்துக்காரர் ஒருவர் எழுதினார். அவருடைய நண்பரின் மைத்துனருக்கு நேரில் தெரியுமாம்.

பிரநோமின் அப்பா சந்தையில் கருவாடு விற்றவர். பேரம் அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. சரக்கு சொத்தை என்று சொல்லும் ஆளை அவள் சமாளித்துவிடுவாள், கடைக்கு வந்து சொன்னால். கடைக்கே வராமல் உலகத்தின் அந்த மூலையில் உட்கார்ந்து சொல்பவனிடம் எப்படிப் பேரம் பேசுவது?

அவளிடம் இருந்தவை எட்டுக் குடில்கள். சீசன் முழுக்க எட்டையும் எடுத்துக்கொள்வது ஒரு டச்சுப் பயண நிறுவனம். இந்த வருடம் அவர்கள், ‘எங்கள் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான்’ என்றுவிட்டார்கள். அந்த அதிகாரியம்மாள் வேண்டாம் என்று சொன்னால், குடில்களைப் பக்கத்துப் பெரிய ஹோட்டலுக்குக் குத்தகைக்கு விடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஹோட்டல்காரர் அதற்குள் இரண்டு முறை வந்து, நீச்சல் குளத்தை எங்கே வெட்டலாம் என்று காலால் அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். விசாரித்தால், காலாற நடக்கிறேன் என்றார்.

இந்த நேரத்தில்தான் ஊர்த்தலைவர் பிரயூனுக்கு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தால் பின்னாலேயே பேனரும் வரும்.

“அக்கா, வெள்ளைக்காரங்க ஏன் பயப்படுறாங்க? திருடன் பிடிபட்டது அவங்களுக்குத் தெரியல. அதான் விஷயம். ஜுக்கை இங்கயே கூட்டியாந்து, செஞ்சதைச் செஞ்சு காட்டச் சொல்லுவோம். பத்திரிகைக்காரங்க வந்து படம் எடுக்கட்டும். உலகத்துக்கே தெரிஞ்சுபோகும்.”

பிடிபட்டவனைச் சம்பவ இடத்துக்கே கொண்டுவந்து நடித்துக் காட்டச் சொல்வது போலீசின் வழக்கமான வேலை. முகம் தெரியாமலிருக்கவும், கூட்டத்தில் எவனாவது கைவைத்தால் மண்டை தப்பவும் அவன் தலையில் ஹெல்மெட் மாட்டிவிடுவார்கள். அவன் விரலை நீட்டி, ‘இங்கேதான்’ என்று காட்ட வேண்டும். அந்த விரல்தான் மறுநாள் பத்திரிகையில் வரும்.

“அதிகாரியம்மா நாளைக்கு வராங்க தலைவரே.”

“அதனாலதான் இன்னிக்கே முடிச்சுரலாங்கறேன்.”

பறிகொடுத்தவள் ஸ்வீடனில் இருந்தாள். ஸ்டேஷனில் பெண் போலீஸ் யாருமில்லை. ஆகவே, தன்னுடைய பிழைப்பைக் காப்பாற்றும் பொருட்டு, பிரநோமே வைக்கோல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தன் கடற்கரையில் தானே வெள்ளைக்காரியாகப் படுத்தாள். ஸ்வீடன்காரி உண்மையில் தண்ணீருக்குள் இருந்தாள். ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் படம் எடுபடும் என்று புகைப்படக்காரர் சொல்லிவிட்டார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. சுட்ட கணவாய் விற்பவள் தள்ளுவண்டியை மணல் வரைக்கும் இறக்கிவிட்டாள். தலைவரின் பேனர் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஆடியது: ‘மதூம் கரை. அஞ்சாமல் வாருங்கள். திருடன் பிடிபட்டுவிட்டான்.’ ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அதைப் படித்த இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டதைப் பிரநோம் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

ஜுக் வந்தான். தலையில் ரோஸ் நிற ஹெல்மெட், அதில் பூனைப் படம். சார்ஜெண்ட் மகளுடையது.

“ஆரம்பி,” என்றார் சார்ஜெண்ட்.

ஜுக் மெதுவாக வந்தான். பிரநோமின் தலைமாட்டைத் தாண்டாமல் சுற்றிப் போனான். கைகூப்பினான். குனிந்து, மன்னிப்புக் கேட்பவன் போல இரண்டு கையாலும் பையை எடுத்தான்.

“டேய், அன்னிக்கு இப்படியா எடுத்த?”

“அன்னிக்கு யாருங்கய்யா படுத்திருந்தாங்க? பாய் மட்டும்தான் இருந்துச்சு. இது அக்கா.”

“அக்கான்னு நெனைக்காத. ஸ்வீடன்னு நெனச்சுக்க.”

“ஸ்வீடனுக்குக் கால் இவ்ளோ கறுப்பா இருக்காதுங்கய்யா,” என்றான் ஜுக். கூட்டம் சிரித்தது.

“எழுந்து வந்தேன்னா உன் கால் இருக்காது,” என்று தொப்பிக்குள்ளிருந்து பிரநோம் சொன்னாள். “சட்டுனு புடுங்கிட்டு ஓடித் தொலைடா. மணல் சுடுது.”

இரண்டாவது தடவையும் சரியாக வரவில்லை. ஹெல்மெட் கண்ணை மறைத்து ஜுக் பேனர் கயிற்றில் தடுக்கினான். மூன்றாவது தடவைதான் பாத்திரம் அவனுக்குப் பிடிபட்டது. பாய்ந்து வந்தான், பையைப் பிடுங்கினான், பிரநோம் ஒப்புக்கு ஒரு சத்தம் போட்டாள், அவன் ஓடினான். போலீஸ் கைகட்டி நின்றது. புகைப்படக்காரர் மண்டியிட்டார். ஜனங்கள் கணவாயைக் கடித்தபடி, “இன்னும் வேகமா,” என்றார்கள்.

சாலையோரம் டாக்ஸியிலிருந்து இறங்கிய ஹென்ரிகா அம்மாள் பார்த்தது இதைத்தான்.

பாதுகாப்பு அதிகாரிகள் சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்னதாகத்தான் வருவார்கள். அது அவர்களுடைய தந்திரம். உயரமான பெண், வயது அறுபதுக்குப் பக்கம். பெட்டியைக் கீழே போட்டாள். ஓடினாள். ரோஸ் ஹெல்மெட்டுக்குக் கீழே இருந்த கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“கயவனே, அப்பெண்மணியின் உடைமையை உடனே விட்டுவிடு,” என்றாள். பாங்காக்கில் ஆறு வருடம் ஆசிரியர் வைத்துத் தாய்லாந்துப் பாஷை கற்றவள். பேச்சு வானொலிச் செய்தி மாதிரி சுத்தமாக இருந்தது. “காவலர்களே, வேடிக்கை பார்க்கிறீர்களே, உங்களுக்கு நாணமில்லையா?”

கூட்டம் கைதட்டியது. தலைவர் நல்ல வெள்ளைக்காரியாகப் பார்த்து ஏற்பாடு செய்திருக்கிறார் என்று சார்ஜெண்ட் நினைத்தார். தம்முடைய போனை எடுத்து நான்கைந்து படம் எடுத்துக்கொண்டார்.

பிரநோமுக்குத்தான் முதலில் விளங்கியது. பெட்டியில் இருந்த நிறுவனத்தின் முத்திரையை அவள் பன்னிரண்டு வருடமாகப் பார்த்து வருகிறாள். மணலில் உட்கார்ந்தபடியே, ஹோட்டல்காரர் நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் விடும் சத்தத்தை இப்போதே கேட்டாள்.

தலைவர் பிரயூன் முந்திக்கொண்டார். “மேடம், மேடம், சினிமா ஷூட்டிங்.”

ஹென்ரிகா பிடியைத் தளர்த்தினாள். “திரைப்படமா?” முகம் சிவந்து, பிறகு மெல்ல ஒரு சிரிப்பும் வந்தது. “மன்னிக்க வேண்டும். மிகவும் தத்ரூபமாக இருந்தது.”

பிரநோம் மூச்சு விட்டாள். அதற்குள் ஜுக் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டான்.

“என்னது சினிமாவா?” என்றான், கழுத்தைத் தடவிக்கொண்டு. “நான் நெஜமாவே திருடினேங்க. ஒத்துக்கிட்டு கையெழுத்தெல்லாம் போட்டிருக்கேன். சார்ஜெண்டையே கேளுங்க.”

சார்ஜெண்ட் நேர்மையானவர். தலையாட்டினார்.

அரை மணி கழித்து, பிரநோமின் சாப்பாட்டுக் கொட்டகையில் ஹென்ரிகா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் பொரித்த மீனும், இடித்த பப்பாளிக்காயும், சோறும். தொடவில்லை.

“அம்மையே, அண்மையில் திருட்டு நிகழ்ந்த கடற்கரைக்கு எங்கள் விருந்தினரை அனுப்புவதில்லை. அது எங்கள் விதி.”

“திருட்டு நடக்காத கரைன்னு எதைச் சொல்றீங்க மேடம்? பிடிபடலன்னா நடக்கலன்னு எழுதிக்குவீங்க. எங்க ஊர்ல பிடிச்சோம், அதனால தெரிஞ்சுது. பிடிக்காம விட்டிருந்தா நாங்க நல்ல ஊரா?”

“உங்கள் வாதம் சாமர்த்தியமானது. ஆனால் விதி விதிதான்.”

“சரி, சாப்பிடுங்க. மீனுக்கு விதி கிடையாது.”

ஹென்ரிகா முள்கரண்டியை எடுத்தபோது சார்ஜெண்ட் உள்ளே வந்தார். பின்னால் ஜுக். அவன் கழுத்தில் கைவிரல் பதிந்து சிவந்திருந்தது. சார்ஜெண்டின் முகத்தில் கடமை.

“அக்கா, ஒரு சங்கடம். போலீஸ் பிடியில இருக்கற ஆளோட கழுத்தைப் பிடிச்சுட்டாங்க. இவன் புகார் குடுத்தான்னா நான் எழுதித்தான் ஆகணும். எழுதினா...” அவர் ஹென்ரிகாவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். “நாளைக்குக் காலைல மேடம் அதை நடிச்சுக் காட்டணும். பத்திரிகைக்காரங்க எப்படியும் இங்கதான் தங்குறாங்க.”

ஹென்ரிகாவின் முள்கரண்டி தட்டில் இறங்கியது. “நானா?”

“இங்கேதான் பிடிச்சேன்னு விரலை நீட்டணும், அவ்ளோதான் மேடம். ஹெல்மெட் குடுப்போம்.”

“பூனை போட்டதா?”

“வேற இல்லீங்க.”

ஹென்ரிகாவின் காது நுனி சிவந்தது. “அந்தப் படம் எல்லா இடத்துக்கும் போகுமே,” என்றாள். “என் அலுவலகத்தார் பார்ப்பார்கள். நான் கைதிகளின் கழுத்தை நெரிக்கிறவள் என்று எண்ணுவார்கள். ஒரே ஒரு முறை நிகழ்ந்தது. அதுவும் அங்கே என்ன நடந்தது என்று அறியாதவர்கள் தாமாகவே எதையாவது சேர்த்து...”

அவள் நிறுத்திக்கொண்டாள். பிரநோம் அவளுடைய குவளையில் தண்ணீர் ஊற்றினாள். “ஆமா மேடம்,” என்றாள். “சேத்துக்குவாங்க.”

கருவாட்டுக் கடைக்காரர் மகளுக்குத் தன் கையில் என்ன வந்திருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தது. இந்த இடத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் எட்டுக் குடிலும் அவளுக்கு. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டால், அடுத்த சீசனில் இந்த அம்மாள் அவளுடைய முகத்தை எப்படிப் பார்ப்பாள்? அதோடு, நாற்பது பேர் கணவாய் தின்றுகொண்டு நின்ற இடத்தில், பிரநோமைக் காப்பாற்ற ஓடிவந்தவள் இவள் ஒருத்திதான். பிரநோம் ஜுக்கின் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டா, புகார் குடுக்கப்போறியா?”

“வலிக்குதுக்கா.”

“குடு. நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் வரும். அறுபது வயசு அம்மா ஒண்ணு ஜுக்கைக் கோழி மாதிரி கழுத்தைப் பிடிச்சுதுன்னு. தென்னை உச்சியில நிக்கும்போது கீழருந்து கொக்கொக்கும்பாங்க.”

ஜுக் யோசித்தான். அவன் யோசிப்பது வெளியே நன்றாகத் தெரியும். “என் கழுத்தைப் பிடிச்ச படம் எங்க இருக்கு?” என்று கேட்டான்.

எல்லோரும் சார்ஜெண்டைப் பார்த்தார்கள். பத்திரிகைப் புகைப்படக்காரர் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜுக்கின் முன்னால் வெகு நெருக்கத்தில் இருந்ததால் ஹெல்மெட்டை மட்டும்தான் பிடித்திருந்தார். கழுத்தும் கையும் முகமும் சேர்ந்த படம் சார்ஜெண்டிடம் மட்டுமே இருந்தது.

“அக்கா, இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு படம் எனக்கு அமைஞ்சதில்ல,” என்றார் அவர் பரிதாபமாக. “வெளிச்சம் எப்படி விழுந்திருக்கு பாருங்க.”

“பாத்தேன். அழகா இருக்கு. அழிங்க.”

ஒவ்வொரு படத்தையும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு அவர் அழித்தார். ஜுக் புகார் இல்லை என்று சொல்லிவிட்டு, போகும்போது ஹென்ரிகாவுக்குக் கைகூப்பினான். அவளும் எழுந்து, புத்தகத்தில் படித்த மாதிரியே கைகூப்பி, “உமது கழுத்துக்கு என் வருத்தங்கள்,” என்றாள்.

அதன் பிறகு மீன் முழுவதும் உள்ளே போயிற்று. பிரநோம் குடில்களைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. அதைப் பார்த்துப் பொறுக்கமுடியாமல் ஹென்ரிகாதான் எடுத்தாள்.

“இக்கரையில் திருடர் எத்தனை பேர்?”

“ஒருத்தன். இப்ப உங்களுக்குக் கும்பிடு போட்டுட்டுப் போனானே.”

“எட்டுக் குடிலுக்கும் என்னால் ஒப்புதல் தர இயலாது. நான்கு.”

“ஏழு.”

“ஐந்து. அடுத்த ஆண்டு மீண்டும் வந்து பார்ப்பேன்.”

“சொல்லிட்டு வாங்க,” என்றாள் பிரநோம், “நான் படுத்திருக்காம இருப்பேன்.” நான்கு கிடைத்தாலே குடில்கள் தப்பிவிடும் என்று மனதுக்குள் போட்டிருந்த கணக்கை அவள் முகம் காட்டவில்லை. கொஞ்சம் நஷ்டப்பட்டவள் போலப் பெருமூச்சுகூட விட்டாள்.

“ஆறு,” என்றாள் ஹென்ரிகா, அந்தப் பெருமூச்சைக் கேட்டு. “ஆனால் ஒரு நிபந்தனை. என் விருந்தினர் இருக்கும் காலத்தில் இக்கரையில் அந்த நடிப்பு நிகழக் கூடாது. பேனரையும் அவிழ்த்துவிட வேண்டும்.”

சாயங்காலம் பேனரை அவிழ்க்கும்போது தலைவர் பிரயூனின் மனம் உடைந்துவிட்டது. ஒரு முனையைப் பிரநோம் பிடித்துச் சுருட்டினாள், மறுமுனையை அவர்.

“நடிச்சும் காட்டக் கூடாது, பேனரும் கூடாதுன்னா எப்படிக்கா? நாளைக்கே ஒரு திருட்டு நடக்குதுன்னு வெச்சுக்கோங்க. நம்ம ஊரு பத்திரமான ஊருன்னு எப்படிக் காட்டுறது?”

“திருட்டே நடக்காம பாத்துக்கலாம் தலைவரே.”

அவர் சுருட்டுவதை நிறுத்தினார். அந்தப் பக்கமாக இதுவரை யோசித்துப் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அது கொஞ்சம் கஷ்டமாச்சே,” என்றார்.